கருணை பழகுவோர் தவறும் இடங்கள்

பௌத்தப் பயிற்சியில் கருணை என்பது ஓர் உணர்ச்சியின் பெயரன்று. துன்புறும் உயிரின் துன்பம் நீங்க வேண்டும் என்ற விருப்பத்தை மனத்தில் நிறுத்தி, அதை நாள்தோறும் வளர்த்தெடுக்கும் செயலுக்கே அந்தப் பெயர். இதைத் தொடக்கத்திலேயே தெளிந்துகொள்ளாதவர்கள், தியானத்தில் அமர்ந்ததும் நெஞ்சு நெகிழ வேண்டும், கண் கலங்க வேண்டும் என்று காத்திருந்து, அப்படி ஒன்றும் நிகழாதபோது தமக்கு இரக்கமே இல்லை என்று முடிவுகட்டிப் பயிற்சியைக் கைவிட்டுவிடுகிறார்கள். 'இவருடைய துன்பம் தீரட்டும்' என்பதை மனம் ஒப்பிச் சொன்னால் அன்றைய பயிற்சி நடந்துவிட்டது. நெகிழ்ச்சி வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு.

இதைவிட நுட்பமான தவறு, துயரத்தையே கருணை என்று கொள்வது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தின் மகாவிகாரையில் புத்தகோசர் என்ற பௌத்த உரையாசிரியர் பாலி மொழியில் எழுதிய விசுத்திமக்கம் என்ற நூல், மெத்தா (எல்லா உயிர்க்கும் நலம் விரும்பும் அன்பு), கருணை, முதிதை (பிறர் மகிழ்வில் மகிழ்தல்), உபேக்கை (மனச் சமநிலை) என்ற நான்கு பிரம்ம விகாரங்களையும், அதாவது உயர்ந்த மனநிலைகளையும், தனது 9ஆம் அத்தியாயத்தில் விரிவாக விளக்குகிறது. ஒவ்வொன்றுக்கும் சேய்மைப் பகை ஒன்றும் அண்மைப் பகை ஒன்றும் உண்டு என்பது அந்நூல் தரும் அரிய பார்வை. கருணைக்குக் கொடுமை சேய்மைப் பகை. அதை யாரும் கருணை என்று மயங்கமாட்டார்கள். அண்மைப் பகையோ துயரம். அது கருணையின் சாயலிலேயே வந்து அதன் இடத்தில் அமர்ந்துகொள்கிறது. நோயுற்றவரின் அருகில் இருந்து அவரைவிட அதிகமாகக் கலங்குபவர், சில நாட்களில் அந்த அறைக்குள் நுழையவே அஞ்சுவதை நாம் பார்த்திருக்கிறோம். தானியா சிங்கர், ஒல்கா கிளிமெக்கி ஆகியோர் பங்கேற்று 2014இல் வெளிவந்த மூளை ஆய்வொன்றும் இதையொட்டிய முடிவைத் தந்தது. பிறர் வேதனையை அப்படியே தாமும் உணரப் பழகியவர்களிடம் மனவேதனை கூடியது. அவர்களே பின்னர் கருணைப் பயிற்சி பெற்றபோது அது குறைந்தது. எனவே பயிற்சி முடிந்து எழும்போது, உதவ முன்செல்லத் தோன்றுகிறதா, விலகி ஓடத் தோன்றுகிறதா என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.

தன்னிடம் கருணை காட்டுவதில்தான் மிகுதியான குழப்பம் இருக்கிறது. கோசல மன்னன் பசேனதி, தன் அரசி மல்லிகையிடம், "உன்னைவிட உனக்கு அன்பான ஒருவர் உண்டா?" என்று கேட்டபோது, அப்படி ஒருவரும் இல்லை என்றே அவள் பதில் சொன்னாள்; மன்னனின் விடையும் அதுவே. இதைக் கேட்ட புத்தர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. எத்திசை சென்று தேடினாலும் தன்னைவிட அன்பானவரைக் காண முடியாது, பிறருக்கும் அவரவர் உயிர் அவ்வாறே அன்பானது, ஆகவே தன்னை நேசிப்பவன் பிறரைத் துன்புறுத்தலாகாது என்றார். விசுத்திமக்கம் மெத்தாவைத் தன்னிடமிருந்து தொடங்கச் சொல்வதற்கு இந்த உரையாடலையே சான்றாகக் காட்டுகிறது. நான் இன்பத்தை விரும்பித் துன்பத்தை வெறுப்பது போலவே எல்லா உயிர்களும் என்று உணர, இங்கே 'நான்' ஒரு சாட்சி. தன்னைத் தாண்டிச் சென்றுவிடுபவருக்கு அந்தச் சாட்சி கிடைப்பதில்லை. தன்னோடு நின்றுவிடுபவரோ, அந்நூலே சொல்வது போல, நூறு ஆண்டுகள் முயன்றாலும் ஆழ்ந்த தியான நிலையை எட்டுவதில்லை. தன்னை நினைத்ததுமே வெறுப்பு பொங்குகிறவர்கள், தமக்கு நன்மை செய்த ஒருவரை முதலில் நினைத்துக்கொண்டு பின்னர் தம்மிடம் வரலாம் என்று இன்றைய ஆசிரியர்கள் பலர் கற்பிக்கிறார்கள். அது முறை தவறியதாகாது என்பதே என் எண்ணமும்.

தன்னிடம் காட்டும் கருணை, தன் குற்றத்தை மூடிமறைப்பதாகிவிடுமோ என்ற அச்சம் நியாயமானது. அப்படி மூடிமறைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு மாற்று, தன்னைத்தானே ஓயாமல் திட்டிக்கொள்வது அன்று. அம்பு பட்டவன் இரண்டாவது அம்பாலும் தைக்கப்படுவது போல, உடல் வேதனையோடு மன வேதனையையும் சேர்த்துக்கொள்கிறான் என்று புத்தரின் உரைத் தொகுப்புகளில் ஒன்றான சம்யுத்த நிகாயத்தில் ஓர் உவமை வருகிறது. செய்த பிழை ஒன்று, 'நான் எதற்கும் உதவாதவன்' என்ற முணுமுணுப்பு அதன்மேல் விழும் இன்னொன்று. பிழையை எப்படி அணுக வேண்டும் என்பதைப் புத்தர் தம் மகன் ராகுலனுக்குச் சொன்ன அறிவுரை தெளிவாக்குகிறது. செய்த செயல் தனக்கோ பிறருக்கோ தீங்கானது என்று பின்னர் தெரிந்தால், அதை ஆசிரியரிடமோ அறிவுள்ள தோழரிடமோ வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, இனிமேல் அடக்கத்தோடு நடந்துகொள்ள வேண்டும். மறைத்தல் அதில் இல்லை, தன்னை வதைத்தலும் இல்லை.

ஆர்வம் மிக்கவர்கள் செய்யும் தவறு வேறு. எடுத்த எடுப்பிலேயே தமக்குப் பெருந்தீங்கு செய்தவரை நினைவில் கொண்டுவந்து அவரிடம் மெத்தா செலுத்த முயல்கிறார்கள். நானும் அப்படித் தொடங்கியவன்தான். அரைமணி நேரம் கழித்து எழுந்தபோது பழைய கோபம் முன்னிலும் வலுத்திருந்தது. முதலில் தான், பிறகு மதிப்புக்குரிய அன்பர், பிறகு வேண்டியவரும் வேண்டாதவரும் அல்லாத ஒருவர், அதன்பின்பே பகைவர் என்று மரபு வகுத்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது: எளிதானவரிடம் பழகி உறுதிப்பட்ட மனமே கடினமானவரைத் தாங்கும். கருணைப் பயிற்சியில், காண்போர் இரங்கும் நிலையில் உள்ள ஒருவரிலிருந்து தொடங்குவது மரபு. பகைவரிடம் வந்து கோபம் எழுந்தால் முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். அல்லது புத்தரின் தலைமைச் சீடரான சாரிபுத்தர் சொன்னபடி, பாசி படர்ந்த குளத்தில் பாசியை ஒதுக்கி நீரை அள்ளிக் குடிப்பவனைப் போல, அவரிடம் உள்ள நல்லது எதையேனும் மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும். இறந்தவரை மெத்தாவின் பொருளாக வைத்துக்கொள்வதையும் விசுத்திமக்கம் தவிர்க்கச் சொல்கிறது.

கருணை என்றால் எதற்கும் இணங்கிப் போவது என்ற எண்ணம் பலரைப் பயிற்சியிலிருந்தே விரட்டிவிடுகிறது. கொள்ளையர் இருபுறப் பிடியுள்ள ரம்பத்தால் உறுப்புகளை அறுத்தாலும் மனத்தில் பகை கொள்ளாதிருக்க வேண்டும் என்ற புகழ்பெற்ற உவமை மனத்தைப் பற்றியது; அநீதிக்குத் துணைபோகும்படி அது யாரிடமும் கேட்கவில்லை. அபயன் என்ற இளவரசன் தன் மடியில் குழந்தையோடு புத்தரிடம் உரையாடும் இடம் ஒன்று மற்றோர் உரைத் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தில் உண்டு. குழந்தை குச்சியையோ கல்லையோ வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய் என்று புத்தர் கேட்கிறார். இரத்தம் வந்தாலும் விரலை விட்டு எடுத்துவிடுவேன், குழந்தைமேல் எனக்கு இரக்கம் உண்டு என்கிறான் இளவரசன். மறுத்துச் சொல்வதும், தடுத்து நிறுத்துவதும், வன்முறை நிகழும் வீட்டை விட்டு வெளியேறுவதும் கருணையோடு செய்யக்கூடியவையே.

'அவரவர் வினை' என்று சொல்லிப் பிறர் துன்பத்தைக் கடந்து போவதும் அடிக்கடி காணப்படுகிறது. உபேக்கையின் அண்மைப் பகை அறியாமையிலிருந்து எழும் அலட்சியம். அது சமநிலையின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறது.

தன் நலமா, பிறர் நலமா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தவிப்பவர்களுக்குச் சம்யுத்த நிகாயத்தின் கழைக்கூத்தாடிக் கதை உதவும். "நீ என்னைக் காத்துக்கொள், நான் உன்னைக் காத்துக்கொள்கிறேன்" என்று ஆசான் சொல்ல, "அவ்வாறு அல்ல, நீங்கள் உங்களைக் காத்துக்கொள்ளுங்கள், நான் என்னைக் காத்துக்கொள்கிறேன், அப்போதுதான் இருவரும் பத்திரமாக இறங்குவோம்" என்று மாணாக்கர் மறுமொழி கூறினார். மாணாக்கர் சொன்னதே முறை என்று ஏற்ற புத்தர், தன்னைக் காப்பவர் பிறரைக் காக்கிறார் என்றும், பிறரைக் காப்பவர் தன்னைக் காக்கிறார் என்றும் அதை விரித்தார். முதலாவதற்கு வழி இடைவிடாத பயிற்சி. இரண்டாவதற்கு அவர் சொன்ன வழிகள் பொறுமை, தீங்கு செய்யாமை, அன்பு மனம், பரிவு என்ற நான்கு.