பாக் இசை: பிற்காலத்தார் சேர்த்ததை அவர் கணக்கில் எழுதாதீர்கள்

பியானோ பழகும் பிள்ளைகள் முதலில் வாசிக்கும் ‘பாக்’ பெரும்பாலும் ஜி மேஜர் மினுவெட் என்ற நடன இசைத் துண்டு. அது ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக் (1685–1750) எழுதியதல்ல. டிரெஸ்டன் நகர ஆர்கன் கலைஞர் கிறிஸ்டியன் பெட்ஸோல்டுடையது. பாக்கின் இரண்டாம் மனைவி அன்னா மக்தலேனா 1725இல் தொடங்கிய இசை நோட்டுப் புத்தகத்தில் ஆசிரியர் பெயரில்லாமல் இருந்ததால் வந்த குழப்பம். நிகழ்ச்சி நிரலில் பெட்ஸோல்டு என்றே போடுங்கள்.

அடுத்தது பாக்கின் கீபோர்டு இசைத் தொகுப்பான ‘வெல் டெம்பர்ட் கிளேவியர்’ முதல் தொகுதியின் சி மேஜர் பிரிலூட் (முன்னிசைத் துண்டு). உங்கள் பிரதியில் பார்களை (தாளக் கட்டங்களை) எண்ணிப் பாருங்கள். 35 இருந்தால் சரி. 36 இருந்தால், 22ஆம் பாருக்குப் பின் ஒன்றைப் பிறகு வந்தவர்கள் நுழைத்திருக்கிறார்கள். பாக் கீழ்ச்சுரத்தை எஃப் ஷார்ப்பிலிருந்து நேராக ஏ ஃபிளாட்டுக்குத் தாவவிட்டு, அதன்பிறகே ஜி-க்கு இறக்குகிறார். அந்தக் கரடுமுரடு பொறுக்காத யாரோ நடுவில் இன்னொரு ஜி வைத்து வழவழப்பாக்கிவிட்டார்கள். இதே பிரிலூடின் மேல் பிரெஞ்சு இசையமைப்பாளர் குனோ அமைத்த ‘ஆவே மரியா’விலும் இந்தக் கூடுதல் பார் உண்டு, அதைக் கேட்டே பழகிய காதுக்கு மூலம்தான் தப்பாகத் தோன்றும். மூலத்தின் அழகே அந்தத் தாவல்தான்.

இந்தத் தொகுதியில் பாக் சத்தக் குறிகளை ஏறக்குறைய எழுதவே இல்லை. வேகக் குறிகளும் மிகச் சில. 1837இல் பியானோ ஆசிரியர் செர்னி கொண்டுவந்த பதிப்பில் உள்ள அத்தனை ஃபோர்ட்டே (உரக்க), பியானோ (மென்மையாக) குறிகளும் செர்னியின் ரசனை. கேட்க நன்றாக இருக்கலாம், ஆனால் அதைப் பாக்கின் கட்டளையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹென்லே, பேரன்ரைட்டர் போன்ற பதிப்பகங்களின் ‘உர்டெக்ஸ்ட்’ (மூலத்தை ஒட்டிய) பதிப்பை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

ட்ரில்லை (பக்கத்துச் சுரத்தோடு மாறிமாறி வேகமாக வாசிக்கும் அலங்காரத்தை) எழுதியிருக்கும் சுரத்திலேயே தொடங்குவது இன்னொரு பழக்கதோஷம். மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடெமானுக்காக 1720இல் தொடங்கிய நோட்டுப் புத்தகத்தில் பாக் அலங்கார அட்டவணை ஒன்றைப் போட்டிருக்கிறார். அதில் ட்ரில் மேல்சுரத்தில் தொடங்குகிறது. தாளத்துக்கு முன்பே அவசரப்பட்டு நுழையாமல், சரியாகத் தாளத்தின் மேல் விழ வேண்டும்.

பாக் படைப்புகளுக்கு இடும் பி.டபிள்யூ.வி. பட்டியல் எண்ணை வைத்துக் காலத்தைக் கணிக்காதீர்கள். ஷ்மீடர் 1950இல் வெளியிட்ட அந்தப் பட்டியல் வகைவாரியானது. 4ஆம் எண் கான்டாட்டா (பாடகர்களும் வாத்தியங்களும் சேர்ந்த படைப்பு) பாக்கின் இளமைக்கால வேலை. 1ஆம் எண்ணோ 1725இல் லைப்சிக்கில் எழுதியது.

1829இல் பெர்லினில் இசையமைப்பாளர் மெண்டல்ஸோன், ஏசுவின் பாடுகளைச் சொல்லும் பாக்கின் ‘மத்தேயு பேஷனை’ நடத்தும்வரை பாக்கை உலகமே மறந்திருந்தது என்பதும் மிகை. மறைந்துகிடந்தவை பெரிய தேவாலயப் படைப்புகள். பான் நகரில் சிறுவன் பீத்தோவன் ‘வெல் டெம்பர்ட் கிளேவியரை’ வாசிப்பதாக அவருடைய ஆசிரியர் நேஃபே 1783லேயே எழுதியிருக்கிறார். 1801இல் அது அச்சிலும் வந்துவிட்டது.