மறதிநோய் உள்ள முதியவரை வீட்டில் பராமரித்தல்

வட நோர்வேயின் 'சாமி' எனும் பழங்குடி முதியவர்கள் மறதிநோய்க்கு ஆளானால், பள்ளியில் பிற்பாடு கற்ற நோர்வேஜிய மொழி நழுவித் தாய்மொழியே எஞ்சுவதுண்டு என்பதால், அங்கு பராமரிப்பில் சாமி மொழியும் யொய்க் எனும் மரபுப் பாடலும் முக்கியம் பெறுகின்றன. யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலும் இதே வழி பயன்படும்.

"வயது போனால் உப்பிடித்தான்" என்று விட்டுவிடாமல், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைத் தோற்றுவிக்கும், அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

அடுத்து, கிணற்றைப் பாருங்கள். பழைய வளவுகளில் கட்டு தாழ்வாக இருக்கும். விடியற்காலையில் பழக்கத்தால் தண்ணீர் அள்ளப் போகிறவரைத் தடுக்க, இரும்புவலை மூடி இடுவதே நல்லது. படலையில் சிறு மணி கட்டினால், அவர் வெளியேறுவது அடுப்படிக்கும் கேட்கும்.

மாலையில் "வீட்டை போகவேணும்" என்று ஆச்சி பொட்டலம் கட்டினால், 'இதுதானே வீடு' என்று வாதாட வேண்டாம். 1995 ஒக்டோபரில் போரால் இடம்பெயர்ந்து வலிகாமத்தை விட்டு நடந்தவர்களுக்கு அந்த இரவு நேற்றையதாகத் திரும்பக்கூடும். அருகே அமர்ந்து, "பொட்டலத்துக்குள் என்ன வைச்சனீங்கள் ஆச்சி?" என்று கேளுங்கள், பாக்கு இடிக்கும் சிறு உரலைக் கையில் கொடுங்கள், அல்லது அவருக்குப் பழகிய தேவாரத்தைத் தொடங்குங்கள். பேரனின் பெயரை மறந்தவர் அடுத்த அடியை எடுத்துக்கொடுப்பதுண்டு. வெளிநாட்டுப் பிள்ளைகளின் காணொளி அழைப்பைக் காலையில் வைப்பது நல்லது. பொழுதுபடும் வேளையில் குழப்பம் கூடும்.