ரவுட்டரின் இன்னொரு பாஸ்வேர்டு

வைஃபைக்குக் கடினமான பாஸ்வேர்டு போட்டாச்சு, இனி கவலையில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். ரவுட்டருக்கு இன்னொரு பாஸ்வேர்டும் உண்டு. பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் திறக்கும் செட்டிங்ஸ் பக்கத்துக்கானது அது. பல பழைய ரவுட்டர்களில் பெயரும் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்'. அதை மாற்றாமல் விடுவதுதான் முதல் தவறு, என் கணக்கில் மிகப் பெரியதும் அதுதான். 2016இல் பரவிய மிராய் என்ற மால்வேர் (கருவிகளைத் தாக்கும் தீய நிரல்), கம்பெனிகள் போட்டுக் கொடுத்த அறுபதுக்கும் மேற்பட்ட பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது.

இப்படி உள்ளே வந்தவர், எந்தத் தளம் எங்கே இருக்கிறது என்று ரவுட்டருக்குச் சொல்லும் டிஎன்எஸ் சர்வரின் முகவரியை மாற்றிவிட்டால், நீங்கள் வங்கியின் முகவரியைச் சரியாக அடித்தாலும் போலிப் பக்கத்துக்குப் போக நேரலாம். இந்தத் தளத்தை நம்ப முடியாது என்று பிரவுசர் சான்றிதழ் எச்சரிக்கை காட்டினால் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

அடுத்தது டபிள்யூபிஎஸ் பின், அதாவது வைஃபை பாஸ்வேர்டு அடிக்காமலே கருவிகளை ரவுட்டரில் இணைக்க உதவும் எண். எட்டு இலக்கம் என்றதும் பத்துக் கோடி வாய்ப்புகள் என்று தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவது. போதாததற்கு, முதல் நான்கு இலக்கங்கள் சரியா என்பதை ரவுட்டர் தனியாகவே சொல்லிவிடும். ஆக முதல் பாதிக்கு 10,000, அடுத்த பாதிக்கு 1,000, மொத்தம் 11,000 முயற்சிகள் போதும். இந்த ஓட்டை 2011இலேயே வெளியானது. உங்கள் வைஃபை பாஸ்வேர்டு இருபது எழுத்தானாலும் இந்த வழியாக வருபவருக்கு அது தடையே இல்லை. பின் வசதியை அணைத்துவிடுங்கள். வெளியிலிருந்து செட்டிங்ஸைத் திறக்கவிடும் ரிமோட் மேனேஜ்மென்ட்டையும் கூடவே அணையுங்கள்.

ரவுட்டரை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரின் அப்டேட்டைத் தள்ளிப்போடுவதும் ஆபத்து. 2018இல் விபிஎன்ஃபில்டர் என்ற மால்வேர் குறைந்தது 54 நாடுகளில் சுமார் 5 லட்சம் கருவிகளுக்குள் புகுந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றில் ஏற்கெனவே வெளியே தெரிந்த ஓட்டைகள் இருந்தன. ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யும்படி அப்போது எஃப்பிஐ கேட்டுக்கொண்டது, ஆனால் விபிஎன்ஃபில்டரின் முதல் பகுதி அப்படிச் செய்தாலும் அழியாமல் உள்ளேயே இருந்தது. அதைத் துடைக்க ஃபேக்டரி ரீசெட் செய்து, புது ஃபர்ம்வேர் போட வேண்டும். அப்டேட் வருவது நின்றுபோன ரவுட்டர் என்றால், நன்றாக ஓடினாலும் மாற்றிவிடுவதே நல்லது.

ரீசெட் செய்தால் கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டே திரும்பி வந்துவிடும். இணைய கேபிளைச் செருகுவதற்கு முன்பே அதை மாற்றிவிடுங்கள்.