சோகக் கதையெல்லாம் துன்பியல் ஆகுமா? பார்ப்பது எப்படி

கடைசியில் நாயகன் செத்துவிட்டால் துன்பியல் (டிராஜடி) என்று முடிவுகட்டாதீர்கள், லாரி மோதிச் செத்தால் அது விபத்து, அவ்வளவுதான். முதலில் அவன் செய்த தவறைத் தேடுங்கள். கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை, ஒரு பெரிய பிழை போதும் என்கிறார் கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டில்.

கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் நாடகத்தில் வரும் ஈடிபஸ் அரசனை எடுத்துக்கொள்ளுங்கள். தீப்ஸ் நகரத்துக் கொள்ளைநோய் தீர, பழைய அரசனைக் கொன்றவனைப் பிடிக்க நல்ல மனதோடுதான் கிளம்புகிறான், ஆனால் விசாரிக்க விசாரிக்க, கொன்றவன் தானே, செத்தது தன் அப்பா, கட்டிக்கொண்டது தன் தாயை என்று ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. ஆக, தவறைத் தேடிய பிறகு இந்த இரண்டையும் பாருங்கள்: காப்பாற்றப் போன முயற்சியே நாயகனைக் கவிழ்க்கிறதா, அதை அவனே உணர்கிறானா?

சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் ‘யானே கள்வன்’ என்று பாண்டியன் விழுகிறானே, அதுவும் அப்படித் தன் தவறைத் தானே உணரும் இடம். என்னைக் கேட்டால், சிலப்பதிகாரத்தில் கோவலனைவிட அவன்தான் துன்பியல் நாயகன்.