கிணற்றுக்குள் ஒரு கதவு: எரிவாயுத் துரப்பணத்தில் நிலத்தடி வால்வு

நிலாவெளிக்கு அப்பால் புறாத்தீவுக் கடலில் மூழ்கிப் பழகியவர்கள், 10 மீற்றர் இறங்கினால் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கூடுவதைக் காதாலேயே அறிவார்கள். எரிவாயுக் கிணற்றின் பாதுகாப்பும் அதே கணக்கில்தான் தொடங்குகிறது. 2011 இல் மன்னார்ப் படுகையில் எரிவாயு கண்டறியப்பட்ட பின் இத்துறையில் நாட்டம் கொண்ட திருகோணமலை மாணவர்களுக்காக, துளையிடும் குழாயை வெளியே எடுக்கும்போது கிணற்றை உள்ளேயே கதவுபோல் மூடிவைக்கும் நிலத்தடி வால்வைப் பற்றி இதனை எழுதுகிறேன்.

முதலில் அழுத்தத்தைக் கணக்கிடுங்கள். துளையிடும்போது கிணற்றை நிரப்பி வாயுவை அடக்கிவைக்கும் கனமான திரவமே சேறு. அதன் அடர்த்தியை (கன சென்றிமீற்றருக்குக் கிராமில்) மீற்றரிலுள்ள ஆழத்தாலும் 0.0981 ஆலும் பெருக்கினால் விடை பாரில் கிடைக்கும், 1.2 அடர்த்தியுள்ள சேறு 2000 மீற்றரில் 235 பார் அழுத்தும். வாயுவின் அழுத்தம் 200 பார் மட்டுமே எனில், வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறைக்குள் சேறு ஓடி மறைந்து, கிணற்றில் அதன் மட்டம் இறங்க, வாயு மேலெழத் தொடங்கும். ஆகவே இலேசான திரவத்தைப் பயன்படுத்தி, மேலிருந்து அழுத்தத்தைப் பிடித்தபடி துளையிடுகிறார்கள்.

துளையிடும் அலகைத் தாங்கும் குழாய்த்தொடரை வெளியே எடுக்கும்போதுதான் உண்மையான ஆபத்து வருகிறது. ஊசிக்குழலின் தண்டைப்போல் அது வாயுவை உறிஞ்சும். அதுமட்டுமன்றி, கிணற்றில் எஞ்சிய குழாயின் எடை குறையக் குறைய, ஓர் ஆழத்துக்கு மேல் வாயு அதனை வெளியே எறிந்துவிடவும் கூடும்.

எனவே இரண்டாவது படியாக, அந்த ஆழத்துக்குக் கீழே அமையும்படி வால்வை, கிணற்றுச் சுவரைத் தாங்கும் உறைகுழாயின் ஓர் அங்கமாக இறக்குங்கள். திறக்க ஒன்றும் மூட ஒன்றுமாக இரு சிறு எண்ணெய்க் குழாய்கள் அதிலிருந்து மேலே வரும்; அவை நசுங்காதவாறு கவ்விகளால் பிணைத்து, இறக்குமுன் திறந்து மூடிச் சோதியுங்கள்.

மூன்றாவதாக, குழாய்த்தொடரின் நுனியிலுள்ள துளையிடும் அலகு வால்வுக்கு மேலே வந்ததை அளந்து உறுதிசெய்த பின்னரே மூடுங்கள். மேலுள்ள அழுத்தத்தைச் சிறிது சிறிதாக விடுவித்து, அது மீண்டும் ஏறுகிறதா என்று பொறுமையாகக் கவனியுங்கள். ஏறினால் கதவு கசிகிறது, குழாயை எடுக்கக்கூடாது. வாயு கட்டுமீறிப் பீறிடாமல் கிணற்றின் வாயை மூடும் மேற்பரப்புக் கருவியான பீ.ஓ.பி.க்கு இவ்வால்வு மாற்றன்று என்பதால், அக்கருவியை எப்போதும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும்.

திரும்ப இறக்கும்போது பலர் அவசரப்படுகிறார்கள். 18 சென்றிமீற்றர் விட்டமுள்ள கதவின் கீழ் 70 பார் இருந்தால், அதனை மூடிய நிலையில் அழுத்திப்பிடிக்கும் விசை ஏறத்தாழ 18 தொன் எடைக்குச் சமம். ஆகவே மேலிருந்து திரவம் செலுத்தி இருபுற அழுத்தத்தையும் சமப்படுத்திய பின் திறந்து, திரும்பிவரும் எண்ணெயின் அளவால் கதவு முழுதும் திறந்ததை உறுதிசெய்து, அலகை அதனூடே மெதுவாக இறக்குங்கள்.