ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிடுகிறவர்களுக்கு

மும்பையில் சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனில் லோக்கல் ரயில் ஏறி, புறநகரான டோம்பிவிலியில் இறங்கி, குளித்துவிட்டுத் தட்டு முன் உட்கார மணி பத்து. பத்தரைக்குப் படுக்கை. நெஞ்செரிச்சல் வராமல் என்ன செய்யும்?

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையம் போல ஒரு தசை உண்டு. சாப்பாடு இறங்கும்போது திறக்கும், பிறகு மூடிக்கொள்ளும். வயிறு நிரம்பிய கையோடு படுத்தால், அமிலம் அந்த வாசலுக்கே வந்துவிடும். தசை கொஞ்சம் தளர்ந்தாலும் மேலே ஏறும். சாதாரணச் சாப்பாடு இரைப்பையை விட்டு நகரவே 2 முதல் 4 மணி நேரம் பிடிக்கும். எண்ணெய்ப் பண்டம் இன்னும் தாமதம்.

அதனால் சாப்பாட்டைப் பிரித்துவிடுங்கள். ஆறரை மணிக்கு ஆபீஸிலேயே டப்பாவில் கொண்டுபோன சப்பாத்தியோ இட்லியோ சாப்பிடலாம் (ஸ்டேஷன் வடா பாவ் இதில் சேராது!). வீட்டுக்கு வந்து கொஞ்சம் மோர் சாதம் போதும்.

படுக்கும்போது இடது பக்கமாகப் படுங்கள். இரைப்பை பெரும்பாலும் இடப்பக்கம் இருப்பதால், அப்படிப் படுத்தால் அமிலம் வாசலுக்குக் கீழே தங்கும். வலப்பக்கம் படுத்தால் நேர்மாறு. கட்டில் இருந்தால் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 செ.மீ. கட்டை வைக்கலாம். தலையணைகளை அடுக்குவது வீண், வயிறுதான் மடங்கும்.

வாரத்தில் பல நாள் எரிந்தால் டாக்டரைப் பாருங்கள். நெஞ்சு இறுக்கம், வியர்வை, இடது கையிலோ தாடையிலோ வலி என்றால் 'கேஸ்' என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.