அக்வினாஸை மேற்கோள் காட்டுவதற்கு முன்

பழைய கிறிஸ்தவ இறையியல் நூல்களைப் படிப்பவர்கள் செய்யும் தவறுகளில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது ஒன்று உண்டு. ஆசிரியர் மறுப்பதற்காக எடுத்துவைத்த வாதத்தை அவருடைய சொந்தக் கருத்து என்று எழுதிவிடுவதுதான் அது. இடைக்காலக் கத்தோலிக்க இறையியலாளரான தாமஸ் அக்வினாஸுக்கு இந்த அநியாயம் அடிக்கடி நேர்கிறது.

அவருடைய 'சும்மா தியோலோஜியே' (இறையியல் தொகுப்பு) 13ஆம் நூற்றாண்டுப் பல்கலைக்கழகங்களின் வாத முறையில் அமைந்த நூல். கேள்வியைப் போட்டதும் பதில் வராது. எதிர்த்தரப்பின் வாதங்களே முதலில் வரும். அடுத்து "இதற்கு மாறாக" என்று ஒரு வேத வசனமோ முன்னோர் வாக்கோ நிற்கும். அதன் பிறகே "என் பதில் இது" என்று அக்வினாஸ் பேசத் தொடங்குவார். முடிவில் எதிர்வாதம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மறுமொழி தருவார். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், பிற மதங்களை எடுத்துச் சொல்லி மறுக்கும் பரபக்கத்தில் உலகாயதன் (கடவுளை ஏற்காதவன்) பேசுவதை அருணந்தி சிவாசாரியாரின் கொள்கை என்று நாம் யாரும் சொல்லமாட்டோம். அதே கவனம் இங்கும் தேவை.

முதல் பாகத்தின் இரண்டாம் வினா, மூன்றாம் கூறு (வினாவுக்குள் வரும் உட்கேள்வி): கடவுள் இருக்கிறாரா? "கடவுள் இல்லை என்றே தோன்றுகிறது" என்று அது தொடங்குகிறது. எல்லையற்ற நன்மை ஒன்று இருந்தால் தீமைக்கு இடமே இருக்காது, உலகிலோ தீமை இருக்கிறது என்பது முதல் வாதம். இயற்கையையும் மனித அறிவையும் விருப்பத்தையும் கொண்டே எல்லாவற்றையும் விளக்கிவிடலாம், கடவுள் எதற்கு என்பது இரண்டாவது. இன்றைய நாத்திகர் ஒருவர் இவற்றை அப்படியே மேடையில் பேசலாம். எதிராளியை இவ்வளவு வலுவாகப் பேசவிட்ட பிறகுதான் மோசேயிடம் கடவுள் சொன்ன "இருக்கிறவராக இருக்கிறேன்" என்ற வசனத்தை வைத்து, கடவுள் இருப்பதை நிறுவும் புகழ்பெற்ற ஐந்து வழிகளுக்குள் அக்வினாஸ் நுழைகிறார். அந்த நேர்மையை ரசிக்காமல் ஐந்து வழிகளுக்கு மட்டும் தாவுகிறவர்கள் பாதி நூலை இழக்கிறார்கள். தீமை பற்றிய கேள்விக்கு அவர் தரும் மறுமொழி அந்த ஐந்துக்கும் பின்னால்தான் இருக்கிறது.

ஐந்து வழிகளைப் பற்றியே இன்னொரு பிழை உலவுகிறது. "எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்கிறார் அக்வினாஸ், அப்படியானால் கடவுளுக்குக் காரணம் யார்?" என்று கேட்டுவிட்டு நூலை மூடிவைக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்று அவர் சொல்லவே இல்லை. மாற்றத்துக்கு உள்ளாகும் எதுவும் வேறொன்றால் மாற்றப்படுகிறது என்பதே அவர் வாதம். உலகுக்கு ஒரு தொடக்க நாள் இருந்தது என்பதைக்கூட அறிவால் நிரூபிக்க முடியாது, அது விசுவாசத்தால் ஏற்பது என்று அதே பாகத்தின் 46ஆம் வினாவில் எழுதுகிறார். அவரோடு உடன்படுவதும் மறுப்பதும் வாசகர் உரிமை. ஆனால் மறுப்பதானால் அவர் உண்மையில் சொன்னதை மறுக்க வேண்டும்.

வரலாற்று நூல்களில் உள்ள பிழைகள் வேறு வகை. இடைக்காலத் திருச்சபை பூமி தட்டையானது என்று போதித்ததாக இன்றும் எழுதுகிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் 1828இல் வெளியிட்ட கொலம்பஸ் வாழ்க்கை வரலாறு இந்தக் கதையைப் பரப்பியதில் பெரும் பங்கு வகித்தது. அக்வினாஸோ தன் நூலின் முதல் கூறிலேயே, பூமி உருண்டை என்பதை வானியலாளரும் இயற்கை ஆய்வாளரும் வெவ்வேறு வழிகளில் நிறுவுகிறார்கள் என்று எல்லோரும் அறிந்த செய்தியாக எடுத்துக்காட்டுகிறார். திருச்சபை ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தில்தான் பைபிளின் நூல்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பதும் தவறு. 325இல் கூடிய அந்தச் சங்கத்தின் முக்கிய விவகாரம், குமாரனாகிய கிறிஸ்து படைக்கப்பட்டவர் என்ற, ஆரியஸ் என்ற குருவின் போதனை. சங்கம் வகுத்த 20 விதிகளில் ஒன்றுகூட நூல் பட்டியலைப் பற்றியது அல்ல. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் அப்படியே பட்டியலிட்டுக் காட்டியது, அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியஸ் 367இல் எழுதிய ஈஸ்டர் கடிதம்.

பின்னாளில் வட ஆப்பிரிக்காவில் ஆயரான அகஸ்டின், தன் வாழ்வைத் திரும்பிப் பார்த்து எழுதிய 'ஒப்புதல்கள்' நூலைப் பலர் ஒன்பதாம் புத்தகத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். தாய் மோனிக்கா ஒஸ்தியாவில் இறந்ததும் கதை முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். மொத்தம் 13 புத்தகங்கள். நினைவாற்றல் பற்றிய பத்தாவதும் காலம் பற்றிய பதினொன்றாவதும் தத்துவ மாணவர்கள் இன்றும் மல்லுக்கட்டும் பகுதிகள். கதை நடக்கும் பகுதியிலும் பேசுவது எந்த வயது அகஸ்டின் என்று பார்க்க வேண்டும். "எனக்குக் கற்பொழுக்கம் தாரும், ஆனால் இப்போதே வேண்டாம்" என்ற பிரார்த்தனையை ஆயரின் மனநிலையாகவே பலர் காட்டுகிறார்கள். இளம் வயதில் அப்படி வேண்டியதை, நாற்பதைக் கடந்த ஆயர் வெட்கத்தோடு நினைவுகூரும் இடம் அது.

அவருடைய கருத்துகளும் மாறிக்கொண்டே வந்தன. முதுமையில் தன் 93 படைப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்துத் திருத்தக் குறிப்புகள் எழுதினார். எழுதப்பட்ட வரிசையிலேயே படிப்பவர், எழுத எழுதத் தான் எப்படி முன்னேறினேன் என்பதைக் காணக்கூடும் என்று அந்தக் குறிப்புகளின் முன்னுரையில் சொல்கிறார். ஆகவே "அகஸ்டின் சொன்னார்" என்று எழுதும்போது எந்த ஆண்டு அகஸ்டின் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பதிப்புக்குப் பதிப்பு மாறும் பக்க எண்ணைவிட, புத்தகம், அத்தியாயம், வினா, கூறு ஆகியவற்றின் எண்களைத் தருவதே நல்லது. எந்த மொழிபெயர்ப்பை வைத்திருப்பவரும் அந்த இடத்தைத் திறந்து சரிபார்த்துக்கொள்ள முடியும்.